பதுங்குகுழிப் பாதம்

மார்ச் 3, செவ்வாய்

காலையிலிருந்து மழை. கேட்டி ஃப்ரீவே நெரிசலில் நாற்பது நிமிடம். கிளினிக்குக்குத் தாமதம். பால், கறிவேப்பிலை, கார் இன்சூரன்ஸ்: மறக்கக் கூடாது.

கடைசி பேஷன்ட் அருண். கோயிலில் பழக்கமான சுதாவின் மகன், இருபத்தாறு வயது. உக்ரைனில் சண்டை போடத் தானாகவே போனவன். நவம்பரில் திரும்பினான். பதுங்குகுழியில் ஒன்பது நாள் தண்ணீரில் நின்ற கால். டிரெஞ்ச் ஃபுட். முதல் உலகப்போர் வியாதி என்று படித்ததோடு சரி. பாத மருத்துவராகப் பதினாறு வருடம், கண்ணால் பார்த்தது இவனிடம்தான்.

"வெளிய வந்து காலைக் காயவெச்சிருக்கலாமே?"

"மேல ட்ரோன்ஸ், ஆன்ட்டி. தலை வெளிய வந்தா, அவ்ளோதான்."

வெள்ளிக்கிழமை கடைசிப் பரிசோதனை. குணமாகிவிட்டது என்று கடிதம் கொடுத்தால் படையில் திரும்பச் சேர்த்துக்கொள்வார்களாம்.

மார்ச் 4, புதன்

லஞ்ச் நேரத்தில் சுதா போன். அழுகை. "அவனுக்குத் தெரியாமப் பேசறேன். இன்னும் சரியாகலன்னு எழுதிடுங்க டாக்டர். நீங்களும் ஒரு அம்மாதானே?" அப்புறம் பேசுகிறேன் என்று போனை வைத்தேன். பொய் எழுதினால் லைசன்ஸ் போகும். எழுதாவிட்டால்?

சாப்பிடும்போது கணவரிடம் கேட்டேன், பெயர் சொல்லாமல். எதற்கு இந்தக் குழி?

"முதல் உலகப்போர்ல மெஷின் கன் வந்துச்சு. நின்னவன் செத்தான். அதனால தோண்டிப் படுத்தான். எதிராளியும் தோண்டினான். சுத்திப் போய் அடிக்கலாம்னு பார்த்தா அங்கயும் தோண்டிட்டான். அப்படியே கடல் வரைக்கும் குழி."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, நாலு வருஷம் அங்கயே கிடந்தாங்க. ரசம் இருக்கா?"

புரிந்த மாதிரியும் இருந்தது, புரியாத மாதிரியும். நூறு வருடம் கழித்தும் அதே குழி, அதே தண்ணீர். எதற்கு?

மார்ச் 6, வெள்ளி

வெயில். முடிவோடு போனேன்: உள்ளதை எழுதுவது. சுதா திட்டட்டும்.

அருணைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, நைலான் இழையால் கால்விரல் ஒவ்வொன்றாகத் தொட்டு, தெரிகிறதா என்று கேட்டேன். எல்லாவற்றுக்கும் "யெஸ்". போன மாதம் மரத்துக் கிடந்த இரண்டு சுண்டுவிரல்களுக்கும் யெஸ்.

"குணமாயிடுச்சு அருண். லெட்டர் தர்றேன்."

சாக்ஸை எடுத்தான். போடவில்லை. கையிலேயே வைத்திருந்தான்.

"ஆன்ட்டி, நாட் யெட்னு எழுத முடியுமா?"

"ஏம்ப்பா?"

"அங்க என் ஃப்ரெண்ட்ஸ் வெயிட் பண்றாங்க. நானா வரலன்னு சொல்ல முடியாது."

அம்மா சொல்லிக்கொடுத்ததா? இல்லை. அவள் போன் செய்ததே அவனுக்குத் தெரியாது.

கடிதம் எழுதவில்லை, குணம் என்றும் இல்லை, குணமில்லை என்றும் இல்லை. இரண்டு வாரம் கழித்து வா என்றேன். அதற்கு மருத்துவக் காரணம் ஒன்றும் கிடையாது. அவனும் ஏன் என்று கேட்கவில்லை.