டிரம்மில் நான் கொட்டியது

இன்று காலை தெருச் சாக்கடையோரம் பிளீச்சிங் பவுடர் தூவிக்கொண்டு போனார்கள். அந்த வாடை வாசலுக்கு வந்ததும் கதவைச் சாத்திவிட்டு உனக்கு இதை எழுதுகிறேன், மருமகளே. மூன்றாம் வகுப்போடு நின்ற கை. எழுத்து கோணும்.

நாற்றமென்று நீ ஆராய்ச்சி செய்த கல்லூரியில் இடம் தராததால், சாக்கடைக் கசடை டிரம்மில் கொண்டுவந்து நம் கொல்லையில் வைத்தாய். ஆற்றில் விடும் சாயப்பட்டறைத் தண்ணீரை நாளுக்கொரு தம்ளர் அதில் ஊற்றுவாய்.

"சாயத்துல இருக்குத விஷத்த இந்தக் கிருமி தின்னுரும் அத்தை. பைய பைய பழக்கணும். பிளீச்சிங் பவுடர் பட்டா மட்டும் கூண்டோட செத்துரும்."

"மாமியாருக்கு ஒரு வாய் காப்பி போட நேரமில்ல. கிருமிக்குப் பந்தி வைக்கியாக்கும்!"

நீ சிரித்தாய். அந்தச் சிரிப்புக்கும் சேர்த்து வன்மம் வைத்தேன். ஏழெட்டு மாதத்தில் சிவப்புத் தண்ணீர் மறுநாளே வெளுக்கத் தொடங்கியது. கையைப் பிடித்து இழுத்துப்போய்க் காட்டினாய். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

கோவில் கொடைத் திருவிழாவுக்குப் பந்தக்கால் நாட்டியாயிற்று. விரத வீட்டில் சாக்கடையா என்று, நீ பாளையங்கோட்டைக்கு பஸ் ஏறியதும் ஒரு பொட்டலம் பிளீச்சிங் பவுடரை டிரம்மில் கொட்டினேன். தெரியாமல் செய்தேன் என்று சொல்லமாட்டேன். நீ சொன்னது காதிலேயே இருந்தது.

சாயங்காலம் மூடியைத் திறந்து முகர்ந்தாய். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாய்.

"ஏட்டி, கிருமிக்கா எழவு கொண்டாடுத?" என்று கேட்டேன்.

என் மகன் வந்து விசாரித்தபோது, "என் கைத்தப்புதாங்க, மருந்த மாத்தி ஊத்திட்டேன்" என்றாய்.

மறுபடியும் முதல் தம்ளரிலிருந்து தொடங்கினாய். பாதியில் மஞ்சள்காமாலை உன்னைக் கொண்டுபோய்விட்டது. ஆஸ்பத்திரியில் எல்லாவற்றையும் சொல்லிவிடத்தான் கட்டிலருகே வந்தேன். "அத்தை, சாப்ட்டியளா?" என்று கேட்டாய். சாப்பிட்டேன் என்று பொய் சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

பதினாறாம் நாள் விசேஷம் முடிந்த பிறகு மகனிடம் சொன்னேன். அவன் தலை நிமிரவில்லை.

"தெரியும்மா. அன்னைக்கு ராத்திரியே சொல்லிட்டா. 'உங்களுக்குத் தெரியும்னு காட்டிக்கிடாதீங்க, அத்தை வெக்கப்படுவாக'ன்னா."

என் கல்யாணப் பந்தியில் எனக்கு அப்பளம் வைக்காமல் தாண்டிப் போனவளைக்கூட நான் இன்னும் மன்னிக்கவில்லை. நீ எப்படியம்மா அப்படி இருந்தாய்? ஒரு நாளாவது என்னை நாலு ஏச்சு ஏசிவிட்டுப் போயிருக்கலாம். அது கிடைக்காமல் இந்தப் பாரத்தை எங்கே இறக்குவதென்று எனக்குத் தெரியவில்லை.