ஒரு வீசைத் துப்பாக்கி

நேற்று மத்தியானம் உன் வீட்டுக்குப் போனேன். நீ போன பிறகும் ஞாயிற்றுக்கிழமை தவறுவதில்லை. மூன்று மாடி ஏறிக் கதவைத் தட்டினேன். உன் மனைவி மீனாட்சி தையல் மெஷினைக் கவிழ்த்துப்போட்டு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் செருப்பைக் கழற்றிய கால் உள்ளே போகவில்லை. துப்பாக்கிக்கும் நீ இந்த எண்ணெயைத்தான் போடுவாய். தனியாக ஒரு எண்ணெய் எதற்கு, இரும்பு இரும்புதானே என்பாய்.

"என்னண்ணே, வெளியவே நிக்கிறீங்க?" என்றாள் அவள்.

நான் ஏன் நின்றேன் என்பதை உனக்குத்தான் எழுத வேண்டும்.

உன் பழைய துப்பாக்கி உன் அப்பாவுடையது. போட்டாதாங் துறைமுகக் கிடங்கில் காவலாளியாக இருந்தபோது லைசென்ஸ் வாங்கி வைத்தார். பிறகு அது உன் பெயருக்கு வந்தது. ஒற்றைக் குழல், ஈயக்குண்டுகளைச் சிதறவிடும் பன்னிரண்டு போர் ரகம், இரண்டு வீசைக்கு, அதாவது மூன்று கிலோவுக்குக் குறையாத எடை. லேகூ ஊரைத் தாண்டி மூங்கில் புதரோரம் முயலைச் சுட்டால் பாதி முயல்தான் கைக்கு வரும். அதைத் தின்னும்போதும் பல்லில் ஈயம் கடிபடும். இருபது வருஷம் லேத்தில் நின்று உன் வலது தோள் ஏற்கெனவே போயிருந்தது. அந்தத் துப்பாக்கியால் ஒரு முறை சுட்டால் இரண்டு நாள் கை தூக்க முடியாமல் பட்டறையில் உட்கார்ந்திருப்பாய்.

சின்னதாக ஒன்று வாங்கலாம் என்று ஆரம்பித்தவன் நான். பசுந்தாங் ஓடைக்குப் பக்கத்தில் ஒரு பர்மிய அம்மா, காட்டிலாகாவில் வேலை பார்த்துக் காலமானவரின் மனைவி, கணவருடைய துப்பாக்கியை யாருக்காவது கொடுத்துவிட நினைக்கிறார் என்று துறைமுகத்தில் கேள்விப்பட்டேன். இருவரும் போய்ப் பார்த்தோம். பாயிண்ட் டூ டூ. தோட்டா சுண்டுவிரலில் பாதிகூட இல்லை. அடியில் இருந்த திருகை ஒரு காசால் திருகினால் குழல் தனி, கட்டை தனி. நீ குழலை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து ஒரு கண்ணால் வெகு நேரம் உள்ளே பார்த்தாய். பிறகு சுட்டுத் தீர்ந்த ஒரு காலித் தோட்டாவைப் போட்டு விசையை அழுத்தினாய். வெறுமனே அழுத்தினால் தோட்டாவை அடிக்கும் ஊசி வீணாகும் என்று அந்த அம்மாவுக்கு விளக்கம் வேறு சொன்னாய்.

"முன் குறி லேசா ஆடுது. அது ஒண்ணுமில்ல, நானே சரி பண்ணிடுவேன்" என்றாய். "சத்தம் கம்மி. இறைச்சி கெடாது. ஆனா கிட்டப் போகணும். பறக்கிறதைத் தொட முடியாது. உக்காந்திருக்கிற காட்டுக்கோழி, நிக்கிற முயல், அவ்வளவுதான்."

கையில் எடை பார்த்தாய். ஒரு வீசை இருக்கும் என்றாய். உன் முகத்தில் ஆசை தெரிந்தது. ஆனால் கட்டையையும் குழலையும் மேசையில் வைத்துவிட்டுத் தயங்கினாய்.

"என்ன யோசனை?" என்றேன். "ரெண்டாக் கழட்டி ஷான் தோள்பைக்குள்ள போட்டு மேல ஒரு கைலியை வெச்சிட்டா பஸ்ல எவனும் திரும்பிப் பார்க்க மாட்டான்."

"பார்க்கணும் மாப்ள" என்றாய். "எங்கப்பா துப்பாக்கியை நீளமா உறையில போட்டுத் தோள்ல மாட்டிக்கிட்டுப் போறேன். எல்லாரும் பார்க்கிறான். பார்க்கிறதாலதான் நமக்கு நல்லது."

நான் சிரித்தேன். தோளைப் பார், எடையைப் பார் என்று விடாமல் பேசினேன். பெயர் மாற்றும் மனு என் பொறுப்பு என்றேன். சரக்கு விடுவிக்கும் குமாஸ்தாவாக நாளெல்லாம் படிவம் நிரப்புகிறவன் நான், நீ கையெழுத்து மட்டும் போடு என்றேன். நீ போட்டாய்.

அந்தப் படிவத்தின் கடைசிப் பக்கத்தில் ஜாமீன்தாரர் என்று ஒரு வரி இருந்தது. வீட்டில் வைத்துப் பார்த்தபோதுதான் கவனித்தேன். அதில் என் பெயரும் அடையாள அட்டை எண்ணும் போலீஸ் கோப்புக்குப் போகும். துறைமுகத்துக்குள் நுழைய எனக்கு இருந்த பாஸை அந்த வருஷம் புதுப்பிக்க வேண்டியிருந்தது. துப்பாக்கிக் கோப்பில் பெயர் வந்தால் அதில் ஏதாவது சிக்கல் வருமோ என்று பயந்தேன். வருமென்று யாரும் சொல்லவில்லை. நானே நினைத்துக்கொண்டேன். அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று படிவம் என் பெட்டியிலேயே கிடந்தது. நீ கேட்டபோது, "போட்டாச்சு. கையில பேப்பர் வர நாளாகும்" என்றேன்.

நீ என்னை நம்பினாய். அந்த அம்மாவிடமிருந்து துப்பாக்கியை வாங்கி வந்தோம்.

முதல் ஞாயிறே கிளம்பினோம். காலை பஸ், ஜன்னலோரம் நான், பக்கத்தில் நீ, நடுவில் பை. லேகூவுக்கு முன்னால் சோதனைச் சாவடியில் வண்டியை நிறுத்திச் சோதித்தார்கள். பழைய துப்பாக்கியோடு போகும்போதும் அதே இடத்தில் நிறுத்துவார்கள். சட்டைப் பையிலிருந்து லைசென்ஸை எடுத்து நீட்டுவாய், முயல் கிடைத்தால் எங்களுக்கும் கொடு என்று சொல்லி அனுப்புவார்கள். அன்றைக்கு இருந்தவர்கள் வேறு. ஒருவன் பையை அமுக்கிப் பார்த்தான். கைலியை விலக்கினான்.

"யாருடையது?" என்று பர்மியில் கேட்டான்.

நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

"என்னுடையது. பெயர் மாற்ற மனு போட்டிருக்கு" என்றாய். சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினாய்.

"நீ இவரோடு வந்தவனா?" என்று அவன் என்னைக் கேட்டான்.

"ஒரே தெரு" என்றேன். "பஸ்ஸில்தான் பார்த்தேன்."

உன் முகத்தை நான் பார்க்கவில்லை. உன் குரல்தான் கேட்டது. "ஆமா, பஸ்லதான் பார்த்தோம்" என்றாய். அதை நீ ஏன் சொன்னாய்? சொல்லாமல் இருந்திருந்தால் என்னையும் இறக்கியிருப்பான். இறங்கியிருந்தால் நான் இன்றைக்கு வேறு மனிதனாக இருந்திருப்பேன். உன்மேல் எனக்கு உள்ள கோபம் இது. இதை உனக்கு எழுதக்கூட எனக்கு யோக்கியதை இல்லை என்று தெரிந்தும் எழுதுகிறேன்.

வண்டி நகர்ந்தபோது நீ மணல் மூட்டைகளுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தாய். செருப்பைக் கழற்றச் சொல்லியிருந்தார்கள் போல. நான் கடைசி நிறுத்தம்வரை போய், அங்கே ஒரு டீக்கடையில் உட்கார்ந்து, சாயங்கால வண்டியில் திரும்பினேன்.

அந்தப் பர்மிய அம்மாவை விசாரித்து, வயதைப் பார்த்து விட்டுவிட்டார்கள். உன்னை விடவில்லை. மனு என்று ஒன்று இல்லவே இல்லை. மறைத்துக் கொண்டுபோகத் தோதாகக் கழற்றி வைத்திருக்கிறாய் என்றார்கள். ஒன்றரை வருஷம் சிறை. உன் அப்பாவின் துப்பாக்கியையும் எடுத்துக்கொண்டார்கள். முதல் முறை உன்னைப் பார்க்க வந்தபோது, "ஆபீஸ்ல பேப்பரைத் தொலைச்சிட்டானுங்களாம்" என்றேன். கம்பிக்கு அந்தப் பக்கம் தலையாட்டினாய். "பாஸ் புதுப்பிச்சாச்சா?" என்று கேட்டாய். ஆச்சு என்றேன்.

வெளியே வந்த பிறகு லேத்தில் நிற்க உனக்கு மூச்சு இல்லை. உள்ளேயிருந்து கொண்டுவந்த இருமல் நாலு வருஷம் கூடவே இருந்தது. போன மழைக்காலத்தில் உன்னைக் கொண்டுபோய்விட்டது. அந்த நாலு வருஷமும் ஞாயிறுதோறும் வந்தேன். பழம், மருந்து, பேச்சு எல்லாம் கொண்டுவந்தேன். நீ நம்பிவிட்டாய் என்றே இருந்தேன்.

நேற்று அந்த எண்ணெய் வாசனையில் உட்கார முடியவில்லை. நின்றபடியே மீனாட்சியிடம் சொன்னேன். மனு போடவே இல்லை, பொய் சொன்னேன், பஸ்ஸில் உன்னைத் தெரியாதவன்போல் விட்டுவிட்டேன் என்று எல்லாவற்றையும்.

அவள் அழவில்லை. கையைத் துணியில் துடைத்துக்கொண்டாள்.

"தெரியும்ணே" என்றாள். "அவரைப் பிடிச்ச மறு வாரமே வக்கீலோட அந்த ஆபீஸுக்குப் போனேன். பதிவேட்டைக் காட்டினாங்க. எதுவுமே இல்ல. அவருகிட்ட போய்ச் சொன்னேன்."

"அவன் என்ன சொன்னான்?"

"விடு, அவனாச் சொல்லட்டும்னாரு."

அவள் மெஷினை நிமிர்த்தி வைத்தாள்.

"ஞாயித்துக்கிழமை நீங்க வந்ததும் என்னைக் கடைக்கு அனுப்புவாரே, எதுக்குன்னு நினைச்சீங்க? நான் அரைமணி நேரம் கீழ படிக்கட்டுல உக்காந்திருப்பேன். மேல வந்ததும் அவரு முகத்தைப் பார்ப்பேன். இல்லைன்னு தலையாட்டுவாரு."

வெற்றிலைக்கு என்று நினைத்திருந்தேன்.

பிறகு அவள் எனக்கு டீ போட்டாள். குடித்தேன். இனிமேல் ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம் என்று, கோபமில்லாமல், கிளாஸை வாங்கிக்கொண்டே சொன்னாள். சரி என்று இறங்கி வந்தேன்.

இரவெல்லாம் அந்த அரைமணி நேரங்களை நினைத்துப் பார்க்கிறேன். நாலு வருஷத்து ஞாயிறுகள். நீ கட்டிலில் சாய்ந்து, இருமலை அடக்கிக்கொண்டு, என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாய். நான் கப்பல் வரத் தாமதமாவதைப் பற்றியும், மழையைப் பற்றியும், மின்சாரம் போவதைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தேன்.