பேரி மாமாவுக்கு அரைப்பேர்

இன்று காலை அடுப்போரம் கிடந்த ஊதா பாஸ்டல் துண்டு உருகி, பள்ளிக்கூடத்துக்குக் கட்டியிருந்த என் சேலை முந்தானையில் ஒட்டிக்கொண்டது. அங்கே வைத்தது என் மகள் என்று சொல்லவே வேண்டாம். சூடேறிய அந்த மெழுகு வாசத்தில் எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லையடி, கோபம். செத்த பிறகும் சிநேகிதியின் சேலையைக் கெடுக்க உன்னால்தான் முடியும்.

ஊதா உன் யோசனைதானே. டைனோசரின் நிறத்தை யார் கண்டது, பிள்ளைகள் இஷ்டத்துக்கு அடிக்கட்டும் என்றாய். மஸ்கெலியாவில் நீ நடத்திய முன்பள்ளியில், ஆளைத் தின்னும் டைனோசரை டிவியில் பார்த்துவிட்டுப் பிள்ளைகள் மிரண்டுபோயிருந்த சமயம் அது. "மீன் திங்கிறது ஒன்னு இருக்குடி. ஆளத் தொடாது" என்று எங்கிருந்தோ ஒரு படத்தைப் பிடித்து, ஆளுக்கொரு போட்டோ பிரதி கொடுத்து வர்ணம் தீட்ட விட்டாய். முதலை போல நீண்ட வாய். மீனைக் கொக்கி போட்டு இழுக்க, தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி மாதிரி வளைந்த கை நகம். பேரியோனிக்ஸ் என்ற பெயர் நாக்கில் ஏறாமல் பிள்ளைகள் அதைப் பேரி மாமா ஆக்கின.

அதோடு விட்டிருக்கலாம். பேரி மாமா எங்கே இருக்கும் என்று ஒரு பிள்ளை கேட்டதற்கு, "மீன் இருக்கிற தண்ணியில" என்று சொல்லியிருக்கிறாய். வாசலைத் திறந்தால் நீர்த்தேக்கம் தெரிகிற ஊரில் இருந்துகொண்டு சொல்கிற பேச்சா அது?

வெயில் காலம் வேறு. தண்ணீர் வற்றி, அணை கட்டியபோது பழைய டவுனோடு மூழ்கிய கோயிலின் உச்சி வெளியே தெரிய ஆரம்பித்திருந்தது. பஸ்ஸில் எல்லாரும் அந்தப் பக்கம் திரும்பிக் கன்னத்தில் போட்டுக்கொண்டிருக்க, என் மகள் மட்டும் "அம்மா, பேரி மாமாவோட முதுகு" என்று வீறிட்டாள். மறுநாளிலிருந்து பஸ் ஏற மாட்டேன் என்றாள். வீட்டுக்காரர் கொழும்பில். அவளை உன்னிடம் விட்டால்தான் நான் படிப்பிக்கப் போக முடியும். எனக்கிருந்த லீவும் முடிந்து, பள்ளிக்கூட அதிபரின் முகமும் சுருங்கத் தொடங்கியிருந்தது. அது டைனோசர் இல்லை, கோயில் என்று எத்தனையோ முறை சொன்னேன். "கோயிலு ஏன் தண்ணிக்குள்ள இருக்கு?" என்று கேட்டாள். அணை கட்டிய கதையைச் சொன்னேன்; பயம் கூடியதுதான் மிச்சம்.

உன்னிடம் வந்து கத்தினேன். நீ சிரித்தாய். "புள்ளைக்கு ஒரு பயமும் இல்லடி. நீ கைய இறுக்கிப் புடிக்கிற புடியிலதான் அதுக்குப் பயமே வருது."

அன்று பின்னேரமே எங்கள் வீட்டுக்கு வந்து, கதவுக்குப் பின்னால் நின்ற மகளின் முன்னால் குந்திக்கொண்டாய்.

"ஏம்மா, ஒன்னத் தேடி வர பேரி மாமாவுக்கு நேரம் ஏது? விடிஞ்சா பெரட்டுக்கு நிக்கணும். சாயந்தரம் கண்டாக்கு தராசோட வருவாரு. மீனு எடை கொறஞ்சா அரைப்பேருதான்."

விடிகாலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டும், கொழுந்து நிறுக்க வரும் கண்டாக்கும், எடை குறைந்த நாளில் பாதிச் சம்பளத்துக்குப் போடும் அரைப்பேரும் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் நண்டுசிண்டுக்கும் தெரியும். பக்கத்து லயத்து வீடுகளில் கொழுந்து பறிக்கும் அக்காமார் அரைப்பேரைச் சொல்லித் திட்டாத நாளில்லை. மகள் கதவை விட்டு ஒரு அடி முன்னால் வந்தாள்.

"மழ பேஞ்சாலுமா?"

"மழ பேஞ்சாலுந்தான்."

"பாவம்."

மறுநாள் பஸ் ஏறினாள். கோயில் உச்சி தெரிந்ததும் அதற்கு டாட்டா போலக் கைகாட்டினாள். எனக்கு ஆறவில்லை. கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன்னால் அழிந்ததைப் பெரட்டில் நிறுத்துகிறாயே, இதற்கா நாம் கண்டியில் ஒரே அறையில் இருந்து படித்தோம் என்று கேட்டேன். "ஒன் புள்ள பஸ் ஏறுச்சா, இல்லையா?" என்றாய். உன்னோடு பேசி எவள் ஜெயித்தாள்.

பிறகு, சாதாரணக் காய்ச்சல் என்று படுத்தாய். எழும்பவில்லை. சண்டையைப் பாதியில் விட்டுப் போவது உன் பழக்கம், ஆனால் இப்படியா? மகளிடம் உள்ளதை உள்ளபடி சொன்னேன், படித்தவள் இல்லையா நான். அவள் போய்ப் பாஸ்டல் பெட்டியைத் தேடி எடுத்துக்கொண்டாள். 

இன்றுதான் உன்னைப் பற்றிக் கேட்டாள். நான் முந்தானையைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். நீ கடைசியாகக் கொடுத்த படம் அவள் மடியில். வால் மட்டும் ஊதா.

"டீச்சரு வேலைய முடிக்காம போயிட்டாங்களே. அவங்களுக்கு அரைப்பேரா?"

பார்த்தாயா, நீ மூட்டிய அடுப்பை நான் அணைக்க வேண்டியிருக்கிறது. கோயில் ஏன் தண்ணீருக்குள் என்ற கேள்விக்கே சரியாகப் பதில் சொல்லத் தெரியாதவளிடம் இது.

"இல்ல. முழுப்பேரு" என்றேன்.

"யாரு போட்டா?"

"நாந்தான் போட்டேன்."

சரி என்பதுபோல் தலையாட்டிவிட்டு முதுகுக்கு வர்ணம் தீட்டத் தொடங்கினாள். நீ போன பிறகு அவளையும் என் பள்ளிக்கூடத்துக்கே கூட்டிப் போகிறேன்; பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அடித்தது போதும் வா என்று இழுத்துக்கொண்டு ஓடினேன்.

மழை பெய்து நீர்த்தேக்கம் நிரம்பிவிட்டது. கோயில் தெரியவில்லை. இருந்தும் அந்த வளைவு வந்ததும், "டீச்சருக்கும் கை காட்டுங்கம்மா" என்று மகள் வெறும் தண்ணீருக்குக் கைகாட்டினாள். பஸ்ஸில் இருந்தவர்கள் எங்களையும் என் ஊதா முந்தானையையும் பார்த்தார்கள். நானும் கை காட்டித் தொலைத்தேன். காட்டுவதற்கு, இறுக்கிப் பிடித்திருந்த அவள் கையை விட வேண்டியிருந்தது.