மேலே ஏறாத இருவர்

மார்ச் 3

அன்பு மகளுக்கு,

உன் தந்தையும் லிஃப்ட் ஆய்வாளருமாகிய நான் எழுதுவது. நோக்கம் ஒன்றே: நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று அறிவது. வீட்டுக் கடிதத்தையும் அலுவலகக் கடிதம்போல் தொடங்குகிறேன் என்று கேலி செய்வாய், செய்துகொள்.

மருத்துவமனை லிஃப்ட் கதவு திறந்திருக்கையிலேயே நகர்ந்து, துணிவண்டி தள்ளிவந்த ஊழியர் இறந்து இன்று ஒன்பதாம் நாள். அதைப் பராமரித்த மெக்கானிக் நீ. அன்றே காணாமற்போனவளும் நீ. காவலர்கள் இருமுறை வந்தார்கள். "பொண்ணு எங்க சார்?" என்றார்கள். தெரியாது என்றேன். அது உண்மை. உன் தோழி முகவரி தர மறுத்து, இதைச் சேர்ப்பிக்க மட்டும் ஒப்புக்கொண்டாள். திரும்பி வா என்று இதில் எழுதவில்லை என்பதைக் கவனி. போர்வை ஒன்று அனுப்பியிருக்கிறேன்.

உன் அப்பா

மார்ச் 9

அப்பா,

சாப்பிடுறேன். போர்வை வந்துச்சு.

உங்ககிட்ட மறைக்க முடியலை. பிரேக்கை நான் சோதிக்கலை. பிரேக் இருக்கிற மொட்டைமாடி மோட்டார் அறைக்கு ஏறவே இல்லை. கீழேயே நின்னு 'சோதித்தேன்'னு பதிவேட்டுல எழுதினேன். சூப்பர்வைசர் சொன்னார்: "இன்னும் நாலு கட்டடம் கிடக்கு. அடுத்த மாசம் ஆய்வுக்கு உங்கப்பாதானே வரப்போறார், அவர் கண்ணுல எது தப்பும்? எழுதிட்டுக் கிளம்பு தாயி." நானும் அதையேதான் நினைச்சேன்.

ஒண்ணு மட்டும் சொல்லுங்க. நீங்க மேலே ஏறிப் பாத்தீங்கதானே? அப்ப பிரேக் நல்லாத்தானே இருந்துச்சு? ஆமான்னு எழுதினா நான் கொஞ்சம் தூங்குவேன்.

உங்கள் மகள்

மார்ச் 14

அன்பு மகளே,

முதலில் ஒரு கண்டிப்பு. உறையின் பின்புறம் அனுப்புநர் முகவரியைக் கதவு எண் உட்பட எழுதியிருந்தாய். ஒளிந்திருப்பவர் எவரும் அப்படிச் செய்வதில்லை. நான் வளர்த்த பெண் மட்டுமே செய்வாள். முகவரியை மனப்பாடம் செய்துகொண்டு உறையைக் கொளுத்தினேன். இருபத்தாறு ஆண்டுப் பணியில் நான் அழித்த முதல் ஆவணம் அது.

உன் கேள்விக்கு விடை: நான் ஏறவில்லை.

உறவினர் பராமரிக்கும் லிஃப்டை வேறோர் ஆய்வாளரிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது விதி. ஒப்படைக்கவில்லை, உன் வேலையை நானே பார்க்க ஆசைப்பட்டேன். மோட்டார் அறைக்குப் படியேறும் முன், கடைசித் தளமான நான்காம் மாடியில் பதிவேட்டைத் திறந்தேன். உன் கையெழுத்து இருந்தது. மகள் பார்த்தபின் எனக்கென்ன வேலை என்று, நெஞ்சு நிறைந்து, சான்றிதழில் ஒப்பமிட்டு இறங்கிவிட்டேன்.

என்னால் நீ தூங்கமாட்டாய். இருந்தும் உன்னிடம் பொய் எழுத இயலவில்லை.

அப்பா

மார்ச் 18

அப்பா,

இதை வேற யார்கிட்டயும் சொல்லாதீங்க. கால்ல விழுந்து கேக்கறேன். நீங்க ஏறலைன்னு யாருக்கும் தெரியாது. பழி மொத்தமும் என்மேலதான் இருக்கு, அப்படியே இருக்கட்டும். நீங்க வாயைத் திறக்கலைன்னா நானே வந்து சரணடையறேன். ஜெயில்ல நான் இருந்துக்குவேன். உங்களை அங்க என்னால நினைச்சுப் பாக்க முடியலைப்பா.

மகள்

மார்ச் 22

என் கண்ணே,

உன் நிபந்தனையை ஏற்க இயலாது.

நேற்று விசாரணை அறைக்கு வெளியே இறந்தவரின் மகள் அமர்ந்திருந்தாள். வயது பத்து இருக்கும். "எங்கப்பாவே தப்பான பட்டனை அமுக்கிட்டாருன்னு லிஃப்ட் கம்பெனிக்காரங்க சொல்றாங்க, அப்படியா சார்?" என்று என்னிடம் கேட்டாள். இல்லை என்றேன்.

உன் தவறு உன்னுடையது. அதை நான் வாங்கிக்கொள்ள முடியாது. என் தவறு அதற்கு மேலே நிற்கிறது. நான் ஏறியிருந்தால் உன் பொய் அன்றே அகப்பட்டு, உனக்கு ஒரு வசவோடு போயிருக்கும். தனியாக நீ சுமக்கும்படி அதை விடமாட்டேன். நீ வந்தாலும் வராவிட்டாலும் என் மகள்தான். இதில் திருத்தம் ஏதுமில்லை.

நாளை காலை பத்து மணிக்கு என் வாக்குமூலத்தை எழுத்தில் கொடுப்பேன். உன் இருப்பிடம் தெரியுமா என்பார்கள். தெரியும் என்பேன். சொல்லுங்கள் என்பார்கள். மறுப்பேன். அதற்குரிய தண்டனை எந்தப் பிரிவில் வருகிறது என்பதையும் படித்துவிட்டேன். அவர்கள் எத்தனை முறை கேட்டாலும், நீயாக அந்த அறைக்குள் வரும்வரை, மறுத்துக்கொண்டே இருப்பேன்.

உன் அப்பா