மதினியின் காலைப் போணி

மதினி,

காலையில் வாழைக்காய் நறுக்கும்போது அரிவாள்மனை என் வலது ஆள்காட்டி விரலைப் பதம் பார்த்துவிட்டது. அலமாரியில் கிடந்த பேண்டேஜ் பொட்டலத்தைப் பல்லால் கிழித்தேன். வெளுத்த பஞ்சுநூலின் வாடை மூக்கில் ஏறியது. உறையில் உங்கள் கம்பெனியின் பெயர். விரல் வலி போய் எரிச்சல்தான் வந்தது. போய்ச் சேர்ந்த மனுஷி மேல் என்னடி எரிச்சல் என்று கேட்பீர்கள். வருகிறதே, என்ன செய்ய? இப்போது நான் இருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டில் கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்து பார்த்தேன், இருப்புக்கொள்ளவில்லை. அதனால் எழுத உட்கார்ந்தேன். கட்டுப்போட்ட விரலோடு எழுதுவதால் எழுத்து கோணலாகத்தான் இருக்கும்.

தொண்ணூறுகளின் கடைசி அது. ராஜபாளையத்தில் உங்கள் பேண்டேஜ் கம்பெனியின் முன்னறையை எனக்குக் கொடுத்து, பிரவுசிங் சென்டர் வைக்கச் சொன்னீர்கள். பின்னால் தறிகள் தடதடக்கும், முன்னால் என் மோடம் கீச்சிடும். நெய்ததை எல்லாம் மதுரை வியாபாரி ஒருவர் அள்ளிக்கொண்டு போய், தன் பெயரை ஒட்டி விற்றுக்கொண்டிருந்தார். உங்கள் அப்பா உங்களுக்கு விட்டுப்போன கம்பெனி. அதன் பெயர் எந்த உறையிலும் இல்லை என்பது உங்களுக்கு ஆறாத புண். அண்ணனுக்கோ பொறுமை போய்விட்டது. தீபாவளிக்குள் சொந்தமாக ஒரு வெளி ஆர்டர் வராவிட்டால், தறிகளை அந்த வியாபாரிக்கே குத்தகைக்கு விட்டுவிடலாம் என்று சொல்லிவிட்டான்.

"இன்டர்நெட்டுல நம்ம பேரைப் போடுட்டி. எவனாச்சும் பாப்பான்ல" என்றீர்கள். போட்டோம். முதல் பக்கத்தில் உங்கள் அப்பா படம், அதற்குக் கீழே அய்யனார் கோவில் அருவி, அதற்கும் கீழே நீளமாக ஒரு வரவேற்புரை. பேண்டேஜைப் பற்றி ஒரு சொல் இல்லை! தேடினால் நம் பக்கம் எங்கோ பின்னால் கிடந்தது. வாங்குகிறவன் ஆறு இஞ்சு பேண்டேஜ் என்றுதான் தட்டித் தேடுவான், உங்கள் அப்பாவைத் தேடமாட்டான் என்று நான் தலைபாடாக அடித்துக்கொண்டேன். மூன்று நாள் முகம் கொடுக்கவில்லை நீங்கள். பிறகு அகலம், நீளம், நூல் நெருக்கம், வெளுப்பு எல்லாவற்றையும் நீங்களே சொல்லச் சொல்ல நான் தட்டினேன். அப்பா படம் கடைசிக்குப் போனது. அதைச் சின்னதாக்கவும் நீங்கள் விடவில்லை.

அப்படியும் மேலே வரவில்லை. தேடல் இயந்திரங்கள் நம் பக்கத்தை எப்போது எட்டிப்பார்க்கும் என்று யாருக்கும் தெரியாது. நாள் போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் அமெரிக்காவில் இருந்த என் தம்பி ஒரு வழி சொன்னான். காசு கட்டினால் நம் பெயர் பட்டியலில் மேலேயே வரும். யாராவது அதை அமுக்கிப் பார்த்தால் மட்டும் கட்டிய காசில் கொஞ்சம் கழியும், கட்டியது தீர்ந்தால் பெயர் இறங்கிவிடும். அவனே தன் கார்டில் கட்டினான். அன்று சாயங்காலம் நம் பெயர் முதல் வரியில் நின்றது. திரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டீர்கள்.

அதற்குப் பிறகு தினமும் காலையில் நான் சமையலை முடித்துவிட்டு வருவதற்குள், உங்களிடம் இருந்த மாற்றுச் சாவியால் சென்டரைத் திறந்து வைத்திருப்பீர்கள். விளம்பரம் நிற்கிறதா என்று பார்க்கத்தான் அந்த அவசரம் என்று நினைத்திருந்தேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்து உங்கள் சின்னம்மா பால்கோவாவும் கையுமாக முதல் பஸ்ஸில் அடிக்கடி வந்து இறங்கியபோதும் எனக்கு உறைக்கவில்லை.

தம்பி போனில் கத்தியபோதுதான் உறைத்தது. "அக்கா, பணம் பூரா தீந்து விளம்பரம் இறங்கிட்டு. எவன் உக்காந்து இப்படி அமுக்குதான்?"

நீங்கள்தான் மதினி. கடை திறந்ததும் கைராசிக்காரர் கையால் முதல் வியாபாரம் நடக்கவேண்டும் என்று, தினமும் காலையில் சூடம் காட்டி உங்கள் விளம்பரத்தை நீங்களே அமுக்கிப் போணி பண்ணியிருக்கிறீர்கள். போதாதற்குக் கைராசிக்காரி என்று சின்னம்மா. பிறகு தறிக்காரப் பெண்கள் ஒவ்வொருத்தியாக. உலகத்தில் வேறெந்தக் கம்பெனிக்காரியும் செய்திருக்கமாட்டாள்.

"நீங்களே அமுக்கினா நம்ம காசுதானே மதினி போகும்!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினேன்.

"போகட்டுமே. காசு குடுக்காம யாராச்சும் போணி பண்ணுவாகளா?" என்று நீங்களும் கத்தினீர்கள். பிறகு நீங்கள் ஸ்டூலில் உட்கார்ந்து, முந்தானையைச் சுருட்டிக்கொண்டே சொன்னீர்கள். "கடைன்னா தெருவுல நாலு பேரு போவாக, வருவாக. இதுல ஈ காக்கா இல்லையேட்டி. நம்ம பக்கத்துக்கு அடியில வந்தவக எண்ணு ஒண்ணு ஏறுனா, யாரோ வாசல்ல வந்து எட்டிப் பாத்துட்டுப் போன மாதிரி இருக்கு."

எனக்கு அழுகையும் வந்தது, உங்களைப் பிடித்து உலுக்கவேண்டும் போலவும் இருந்தது. மறுபடி கட்டத் தம்பியிடம் பணம் இல்லை. அந்தத் தீபாவளிக்கு நம் வீட்டில் முறுக்குச் சுட்டதோடு சரி. அண்ணன் குத்தகைப் பத்திரத்தை எழுதி வாங்கி, கையெழுத்துப் போடாமல் பீரோவில் வைத்திருந்தான்.

தீபாவளி கழிந்த வாரம் கென்யாவில் இருந்து ஒரு மருந்து வியாபாரியின் மின்னஞ்சல் வந்தது. ஆறு இஞ்சு, இன்ன நூல் நெருக்கம், மாதிரி அனுப்ப முடியுமா என்று. எங்கே பார்த்தீர்கள் என்று நான் எழுதிக் கேட்டேன். நூல் நெருக்கத்தைப் போட்டுத் தேடினாராம், நம் பக்கம் வந்ததாம். விளம்பரம் இறங்கி எத்தனையோ நாள் ஆகியிருந்தது. நாம் அடித்துத் திருத்தி எழுதிய அந்த வரிகள்தான் அவரைக் கூட்டிவந்தன. எவ்வளவோ விளக்கினேன். "எல்லாம் எங்க சின்னம்மா கைராசிட்டி" என்று சொல்லி என் வாயில் பால்கோவாவை அடைத்தீர்கள். அண்ணன் பத்திரத்தைப் பற்றிப் பிறகு பேசவே இல்லை. முதல் பார்சலில் உங்கள் கையால் பெயரை ஒட்டினீர்கள். ஒட்டிவிட்டு, காய்வதற்குள் நாலு தரம் தடவிப் பார்த்தீர்கள்.

இப்போது உங்கள் மகள் கம்பெனியை நடத்துகிறாள். விளம்பரத்துக்கென்றே ஓர் ஆளை வைத்திருக்கிறாள். எந்த ஊரில் இருந்து எத்தனை பேர் அமுக்கினார்கள் என்று அவளுக்குத் தினமும் தெரிந்துவிடுமாம்.

காலையில் கட்டுப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது அவள்தான் போன் பண்ணினாள். "அத்தை, உடம்புக்கு என்ன செய்யுது?"

"ஒண்ணும் இல்லையே. யாரு சொன்னா?"

"வில்லிபுத்தூர்ல இருந்து தினம் ஏழு மணிக்கு ஒரு ஆளு நம்ம விளம்பரத்தை அமுக்கும். அம்மா போனதுல இருந்து ஒரு நாளும் தப்பல. இன்னைக்கு வரல. அதான் பதறிட்டேன்."

"காசு போகுதுல்லா, சொல்லியிருக்கலாம்லட்டி" என்றேன்.

"நீங்க வந்து எட்டிப் பாத்துட்டுப் போற மாதிரி இருக்கும், அத்தை. விட்டுட்டேன்."

போனை வைத்துவிட்டு உங்கள் கம்பெனிப் பெயரைத் தேடினேன். கட்டுப்போட்ட விரலுக்குத் திரை அசையவில்லை. இடது கையால் அமுக்கலாமா, கைராசிக்கு ஆகுமா என்று கொஞ்சம் யோசித்தேன், மதினி. அப்புறம் அமுக்கிவிட்டேன்.