பாதி நடந்த நேர்த்தி

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், உனக்குத் தையல் பிரித்த இடத்தில் வலி நின்றுவிட்டது என்று எழுதினால் இன்னும் நன்றாக இருப்போம். திருயாத்திரையில் நான் செய்த கூத்தை அப்பா போனில் சொல்லியிருப்பார், என் பக்கத்தையும் கேள்.

குளிர் விட்டதும் நம் மாதா கோவிலிலிருந்து மூன்று நாள் நடப்பார்களே, பதினோரு வருஷமாக நானும் போகிறேன் என்றுதான் பேர். சமையல் பெண்கள் ஆறு பேரும் பாத்திரங்களோடு வேனில் முன்னால் போய் அடுப்பு மூட்டுவோம், நடந்து வருகிறவர்களுக்குப் பரிமாறுவோம், கழுவிக் கவிழ்த்துவிட்டு மறுபடி வேன் ஏறுவோம். இந்த வருஷம் உன் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தால் ஒரு நாள் முழுக்க நடக்கிறேன் என்று நேர்ந்திருந்தேன். யாத்திரைக் குழுச் செயலாளரிடம் கேட்டேன். சேவையும் யாத்திரைதானேக்கா, நீங்க சமைச்சாலே கடவுள் நடந்ததா ஏத்துக்குவார் என்றார். அப்போ நீங்க சமைங்க தம்பி, நீங்க நடந்ததாவும் ஏத்துக்கட்டும் என்றேன், முகம் சுருங்கிவிட்டது. சேவை என்ற சொல்லை எப்போதும் பாத்திரம் கழுவுகிறவளிடம்தான் கொண்டுவந்து நீட்டுகிறார்கள்.

இரண்டாம் நாள் காலையில் வேன் கிளம்பும் நேரத்தில் சத்தமில்லாமல் இறங்கி நடக்கிற கூட்டத்தில் சேர்ந்துகொண்டேன். மீதி ஐந்து பேர் பார்த்துக்கொள்வார்கள் என்று நினைத்தேன். அந்த ஐந்து பேரும் அதையேதான் நினைத்து ஆளுக்கொரு பக்கமாக இறங்கியிருக்கிறார்கள்! வழியெல்லாம் மஞ்சள் பூவும் ஈர மண் வாசனையும், பத்து கிலோமீட்டர் போனதே தெரியவில்லை. மதியத்துக்குப் போய்ச் சேர்ந்தால் அடுப்பு பற்றவில்லை, உருளைக்கிழங்கு மூட்டை பிரிக்கவில்லை, டிரைவர் வேனுக்குள் குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறார். எழுபது பேர் பசியோடு நின்றார்கள். செயலாளர் கத்தினார். ஃபாதர் உட்கார்ந்து கிழங்கு சீவத் தொடங்கி, இரண்டாவது கிழங்கிலேயே விரலை வெட்டிக்கொண்டார். பாவம், கத்தி பிடித்த கை இல்லை. சாப்பிடும்போது மணி நாலு. பிறகு கழுவ யார்? நாங்கள்தான். மீதி எட்டு கிலோமீட்டரை அவர்கள் நடந்தார்கள், நான் வேனில் போனேன். உன் பேரில் நேர்ந்தது பாதியில் நிற்கிறது, அதுதான் என்னை அரிக்கிறது.

ஞாயிறு பூசை முடிந்ததும் எல்லார் முன்னாலும் நான் மன்னிப்புக் கேட்க வேண்டுமாம், செயலாளர் உத்தரவு. ஒரு வார்த்தைதானே, சொல்லிட்டு வந்துடேன் என்கிறார் அப்பா. கேட்பேன், சின்னப் பிள்ளைகள் பசியில் அழுதார்கள், அது என் தப்பு. நடந்ததற்காகக் கேட்க மாட்டேன்.

நீ கனமாக எதையும் தூக்காதே, மாத்திரையைப் பாதியில் நிறுத்தாதே. கடவுள் உன்னை நோய்நொடி அண்டாமல் காக்கட்டும். சனிக்கிழமை மில்லில் லீவு சொல்லிவிட்டேன். ஆறு பேரும் பஸ் பிடித்து, மதியம் நின்ற அந்த இடத்திலேயே இறங்கி மீதி எட்டு கிலோமீட்டரை நடக்கப்போகிறோம். அவரவர் ரொட்டி அவரவர் பையில், யாருக்கும் யாரும் சமைக்கப்போவதில்லை.

முத்தங்களுடன்,
உன் அம்மா