முதலில் எரியும் பல்பு

சர்ச் தெரு, மேலத்தாங்கல்
8-1-2024

ஊராட்சித் தலைவர் திரு. பாக்கியநாதன் அவர்களுக்கு,

இரண்டு தெரு தள்ளியிருக்கும் கொழுந்தனுக்கு அஞ்சல்தலை ஒட்டி எழுதுகிறேன் என்று சிரிக்க வேண்டாம். பேசினால் கோபம் வரும். எழுதினால் வாக்கியத்தை முடிக்கலாம்.

என் வாசலில் நட்ட விளக்குக் கம்பத்தை எடுத்துவிடுங்கள். தொழிற்சாலை வரியை நம் ஊராட்சியே செலவு செய்யலாம் என்று ஆனதும், முதல் விளக்கு தலைவரின் அண்ணி வீட்டு வாசலில். குழாயடியில் என் காதுபடவே அன்புராஜ் சொல்கிறான்: "டப்பு நம்ம ஊருக்குத்தான் வந்துச்சு. அவங்க ஊட்டாண்டயே நின்னுபோச்சு."

முதல் ஷிப்ட் பஸ்ஸுக்குப் போகும் பெண்களுக்காக விடியலில் ஒவ்வொரு வீடும் வாசல் பல்பைப் போடுவது நம் வழக்கம். என் வீட்டில் தொடங்கி, பஸ் நிற்கும் வளைவு வரை, பனிக்குள் மஞ்சளாக ஒவ்வொன்றாய்ப் பூத்துக்கொண்டே போகும். இப்போது ஒரு வீட்டிலும் இல்லை. கம்பத்தின் வெள்ளை வெளிச்சத்தைத் தாண்டியதும் அந்தப் பெண்கள் இருட்டில் கரைந்துபோகிறார்கள்.

உங்கள் அண்ணனின் நினைவுப் பூசைக்கு இந்த வருஷம் நீங்கள் வர வேண்டாம்.

இப்படிக்கு,
திருமதி கிறிஸ்டினா ஸ்டீவன்

மேலத்தாங்கல்
12-1-2024

அன்புள்ள அண்ணிக்கு,

இடத்தை நான் தேர்ந்தெடுக்கவில்லை. தெரு உங்கள் வீட்டில்தான் தொடங்குகிறது, அங்கிருந்து வரிசையாக நடலாம் என்று போன கிராம சபையில் எல்லாரும் கை தூக்கினார்கள். அதே கைகள் இப்போது என்னைக் காட்டுகின்றன. மீதிக் கம்பங்களை நட விடமாட்டோம் என்கிறார்கள்.

முன்பு எது நடக்காவிட்டாலும் ஊரே சேர்ந்து சென்னையைத் திட்டும். அதில் ஓர் ஒற்றுமை இருந்தது அண்ணி. இப்போது முடிவு இங்கேயே. திட்டுவதற்கு ஆள் டீக்கடையிலேயே கிடைக்கிறான்.

குடியரசு தினத்தன்று கிராம சபை. நீங்கள் வந்து பேசுங்கள். அப்போதும் ஊர் நம்பாவிட்டால் பதவியை விட்டுவிடுகிறேன். பூசைக்கு வராதே என்று மட்டும் சொல்லாதீர்கள்.

அன்புடன்,
பாக்கியநாதன்

சர்ச் தெரு
27-1-2024

தம்பி பாக்கியநாதனுக்கு,

நேற்று சபையில் எனக்கு நாற்காலி போட எழுந்தாய். நான் ஜமுக்காளத்திலேயே உட்கார்ந்தேன். சேலை கசங்கியது, போகட்டும்.

கம்பத்தை எடுக்கச் சொல்லிவிட்டு நான் உட்கார்ந்ததும் பக்கத்து வீட்டுப் பூமிகா என் காதருகே சொன்னாள்: "கம்பம் இருந்துட்டுப் போவட்டும்மா. நீங்க இன்னாத்துக்கு பல்பை அணைச்சீங்க? உங்க ஊட்டப் பாத்துதான நாங்க போடுவோம். நீங்களே அணைச்சா, இனிமே யாரும் யாருக்கும் தேவையில்லன்னுதான நெனைப்போம்?"

அணைத்தது உண்மை. கம்பத்தில் எரியும்போது வாசலிலும் எரிவது வீண் என்று நினைத்தேன்.

இன்று விடியலில் கம்பத்து வெளிச்சத்துக்குக் கீழேயே என் பல்பைப் போட்டேன். பார்க்க அசட்டுத்தனமாக இருந்தது. பனி அசையாமல் நின்றது. கவரைப்பேட்டையைத் தாண்டும் ரயிலின் சத்தம் தண்ணீருக்கடியிலிருந்து வருவதுபோல் கேட்டது. வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு பூமிகா வீட்டில் ஒன்று. எதிர்வீட்டில் ஒன்று. அப்புறம் பனிக்குள் எது வீடு, எது வெளிச்சம் என்று தெரியவில்லை. வளைவு வரை மஞ்சள்.

ராஜினாமாப் பேச்சை விடு. மீதிக் கம்பங்களை எங்கே நடுவது என்று ஒவ்வொரு வாசலிலும் நின்று கேள்.

வியாழக்கிழமை காலை பூசை. முதல் ஷிப்ட் பஸ் போகும் நேரத்துக்கே வந்துவிடு, வளைவு வழியாக நடந்து வா. அன்புராஜையும் கூப்பிடு. அவன் வீட்டில் மட்டும் இன்று எரியவில்லை. பல்பு ஃபியூஸ் போயிருக்கும் என்றுதான் நினைத்துக்கொள்கிறேன்.

உன் அண்ணி,
கிறிஸ்டினா